கசாக்கின் இதிகாசத்தில் குறையுடை மாந்தர்

புதினத்தின் தலைமகன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்குத் தமிழ் வாசகர் நெடுங்காலம் ஒரே விடையை வைத்திருந்தனர். அவன் நல்லவனாய் இருத்தல் வேண்டும். தீயது செய்யினும் பிறர் சூழ்ச்சியால் செய்தவனாய் இருத்தல் வேண்டும். கதை முடியுமுன் அதற்குரிய கழுவாயும் தேடிக்கொள்ளுதல் வேண்டும். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ பெரிதும் படிக்கப்பட்ட காலத்தில் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்ட பெற்றோர் பலர். ஒரு கதைமாந்தருக்கு வாசகர் அளிக்கக்கூடிய பரிசு இதனினும் பெரிது வேறில்லை. ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் புதினத்தின் தலைமகன் பெயர் ரவி. மிகப் பொதுவான பெயர்தான்; ஆயினும் இவனை நினைந்து தம் மகனுக்கு அப்பெயரை எவரும் இட்டிருப்பர் என்று நாம் நம்பவில்லை.

குறையுள்ள மனிதனைத் தமிழ்ப் புதினம் காட்டாமலும் இல்லை. டாக்டர் மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ சாகித்திய அகாதெமியின் பரிசை 1961இல் பெற்றது. அதில் வரும் சந்திரன் அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்தவன், நெறி தவறியவன், நோயுற்று மடிபவன். அவன் கதையை வேலய்யன் சொல்கிறான். நூலை மூடும்போது நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் ஐயமே எழுவதில்லை. அந்தத் தெளிவு அந்நூலின் வலிமை. தன் பிழையைத் தானே நோக்கிக்கொண்டு, அதைத் திருத்தவும் இயலாமல், அதிலிருந்து தப்பவும் இயலாமல் வாழும் மனிதனுக்கு அங்கே இடமில்லை என்பதும் உண்மையே. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் வரும் பாபு அத்தகைய மனிதனுக்குச் சற்று அருகில் வருகிறான். நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுர’த்தில் வரும் அனந்தன் நாயர் இன்னும் அருகில் வருகிறார், தம்மை விட்டுப் பிரிந்த மனைவியை எண்ணித் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நடக்கும் அவர், தம் பங்குப் பிழையையும் சேர்த்தே எண்ண வேண்டியவராகிறார்.

இன்னும் பின்னோக்கிப் போனால் கோவலனே இருக்கிறான். கொலைக்களக் காதையில் கண்ணகி இட்ட உணவை உண்ட பின், முதிய பெற்றோருக்குத் தான் இழைத்த துயரை எண்ணி வருந்துகிறான் அவன். காப்பியம் முழுவதிலும் அவன் தன்னைத் தானே நேராகப் பார்க்கும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஆழமான ஒன்று அன்றைய பகலில் நேர்கிறது. சில நாழிகைக்குள் அவன் உயிர் போகிறது. காலங்கடந்து வந்த தன்னோக்கு எவரையும் காப்பதில்லை என்பதை இளங்கோவடிகள் எவ்வித விளக்கமுமின்றிச் சொல்லிப் போகிறார். ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாச’த்தை நாம் படித்தபோது, மலையாளத் திறனாய்வாளர் பலர் நினைவுகூர்ந்த ஐரோப்பியப் பெயர்களைக் காட்டிலும் இந்தக் கோவலனின் பகல்தான் நம் நினைவில் முன்வந்து நின்றது.

விஜயன் 1930இல் பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்றவர், கல்லூரி ஆசிரியராய் இருந்து, பின் தில்லி சென்று கேலிச்சித்திரக்காரராய்ப் புகழ் பெற்றவர், 2005இல் மறைந்தவர். அவருடைய உடன்பிறந்தாள் ஒருவர் தஸ்ராக் என்னும் சிற்றூரில் ஓராசிரியர் பள்ளிக்கு ஆசிரியையாய் அமர்த்தப்பட்டபோது, 1956ஆம் ஆண்டளவில் அவரும் அங்குச் சென்று தங்கினார். அவ்வூரே கசாக்காயிற்று. எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மாத்ருபூமி வார இதழில் 1968இல் தொடராக வந்து, 1969இல் நூலாயிற்று. தமிழில் யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பு வெளிவந்து, மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி விருதினை 2017இல் பெற்றது.

பக்க அளவால் இது பெருநூல் அன்று. ஆயினும் பெயரிலேயே இதிகாசம் என்று சொல்லிக்கொள்கிறது. ஆசிரியர் கேலிச்சித்திரக்காரர் ஆதலின் இப்பெயரில் ஒரு புன்னகை இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் புன்னகை மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாகாது. ஒரு குக்கிராமத்தின் இராவுத்தர்களும் ஈழவர்களும், பீடி சுற்றுபவனும் தையற்காரனும் பனையேறியும் மனவளர்ச்சி குன்றிய ஒருவனும் என்று எண்ணிறந்த மாந்தர் வந்துபோகின்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பூர்வ கதை உண்டு; ஒவ்வொன்றும் வேறொன்றில் சென்று சேர்கிறது. நேர்க்கோட்டில் நடக்கும் நிகழ்ச்சி மிகச் சிறிது. ஓர் இளைஞன் கூமன்காவில் பேருந்தை விட்டு இறங்குகிறான். ஓராசிரியர் பள்ளி நடத்துகிறான். சில ஆண்டுகட்குப் பின் அதே கூமன்காவில் பேருந்துக்காகக் காத்திருக்கிறான். இவ்வளவே கதை.

ரவியின் தந்தை மலைத்தோட்டம் ஒன்றில் மருத்துவர். தாய் இளமையிலேயே மறைகிறாள். நண்பகல் வானத்தில் மிதந்து இறங்கும் மெல்லிய ஒளிவடிவங்களைக் காட்டி, கற்பகத் தருவின் இளநீரைத் தேவர்கள் குடித்துவிட்டு எறியும் கூடுகள் அவை என்று அவள் சொன்ன கதை மட்டும் அவனிடம் தங்கிவிடுகிறது. மூணாற்றிலோ பீருமேட்டிலோ தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த நம் இடுக்கி மாவட்டத்து அன்பர்களுக்கு, மலைச்சரிவில் தனித்து நிற்கும் மருத்துவர் வீட்டில் ஒரு சிறுவன் கழிக்கும் பகற்பொழுது எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தந்தை மறுமணம் செய்துகொள்கிறார்; பின்னர் வாதநோயால் படுக்கையில் விழுகிறார். தாம்பரத்தில் இயற்பியல் பயின்று, வான்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் கனவுகள் கொண்டிருந்த மகன், தந்தையின் இளைய மனைவியோடு முறைதவறிய உறவு கொள்கிறான். அந்தக் கணத்திலிருந்து அவன் ஓடத் தொடங்குகிறான். படிப்பை விட்டு ஓடுகிறான். தன்னை விரும்பும் பத்மாவை விட்டு ஓடுகிறான். அடைக்கலம் தந்த ஆசிரமத்திலும் தவறிவிட்டு ஓடுகிறான். கசாக்கிற்கு வந்து சேர்கிறான்.

இவ்விடத்தில்தான் வாசகர் இரு பிரிவாகின்றனர். இத்தகையவனைத் தலைமகனாக்கி ஒரு நூல் வேண்டுமா என்று கேட்போர் ஒரு சாரார். அவன் துயரைத் தத்துவம் என்று கொண்டு வியப்போர் மற்றொரு சாரார். முன்னவர் நூலைப் பாதியில் மூடிவிடுகின்றனர். பின்னவர் ரவி சொல்வதையெல்லாம் ஆசிரியர் கூற்றாகவே கொள்கின்றனர். இரண்டு வாசிப்பும் நூலுக்கு நீதி செய்வன அல்ல. ரவி தன்னைப் பற்றி ஓயாது எண்ணுகிறான், மெய்தான். ஆனால் எண்ணுவதும் கடன் தீர்ப்பதும் ஒன்றாகிவிடா. படுக்கையில் கிடக்கும் தந்தையை நினைந்து உருகுபவன் அவரிடம் திரும்பிச் செல்வதில்லை. அவனது உள்நோக்கு மிக நுண்ணியது, மிக அழகியது, மிக வசதியானதும்கூட. இவ்வசதியை ஆசிரியர் அறிந்தே இருக்கிறார் என்பதும், அதை நமக்கு அறிவுரையாகச் சொல்லாமல் கசாக் மாந்தர் வாழ்வை அருகில் வைத்துக் காட்டுகிறார் என்பதும் நம் கருத்து.

அதற்குச் சான்று நூலில் இருக்கும் குதிரைக் கதை. அள்ளாப்பிச்சா மொல்லாக்கா ஓத்துப்பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறார். முன்னொரு காலத்தில் சய்யது மியான் ஷேக்கு ஆயிரத்தொரு குதிரைகளோடு அவ்வழி வந்தார். ஆயிரம் குதிரைகள் மாசற்ற வெண்புரவிகள். எஞ்சிய ஒன்று மெலிந்து தளர்ந்த கிழக்குதிரை. அதன்மேல் ஏறி வந்தவர் யார்? ஷேக்குதாம். அத்தளர்ந்த குதிரைக்காகவே பரிவாரம் பனங்காட்டில் தங்கியது. தங்கியவர் வழிவந்தோரே கசாக்கியர். ஷேக்கின் அடக்கத்தலம் செதலி மலையில் இருக்கிறது.

தமிழ் வாசகர்க்கு இக்கதை இரட்டிப்புச் சுவை தருவது. இராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரனைக் குறிக்கும் பழஞ்சொல். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே அச்சொல்லால் அழைத்திருக்கிறார். குதிரை வாணிகனாகச் சிவபெருமான் மதுரைக்கு வந்த திருவிளையாடலையும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். அங்கே நரிகள் பரிகளாகி மன்னன் கண் முன் அழகு நடை நடக்கின்றன; அழகில் குறைவைத்த குதிரை அதில் ஒன்றும் இல்லை. பாலக்காட்டு இராவுத்தர்கள் தமிழ் வழக்கோடு நெருங்கிய உறவுடையோர். அவர்தம் ஊர்க்கதையாக விஜயன் புனைந்து தந்ததில், பெருமை முழுதும் நடக்கமாட்டாத ஒரு கிழக்குதிரைக்குப் போய்ச் சேர்கிறது. ஆயிரம் வெண்புரவியும் தொடர்ந்து செல்ல வல்லன; ஊர் பிறந்தது செல்லமாட்டாத ஒன்றனால். புதினத்தின் மாந்தர் கொள்கை முழுவதும் இக்கதைக்குள் அடங்கியிருக்கிறது. நூலாசிரியர் நடை தளர்ந்தவரிடத்தே வந்து நிற்கிறார். தளர்ச்சியைப் புகழவுமில்லை, குணமாக்கவுமில்லை.

இன்னொன்றையும் இங்குச் சுட்ட விரும்புகிறோம். நடை தளர்ந்த குதிரையில் தொடங்கும் இந்நூல், கால்களைப் பற்றியே மீண்டும் மீண்டும் பேசுகிறது. மொல்லாக்காவின் சாவு எதில் தொடங்குகிறது? செருப்பு கடித்த கால்விரற் புண்ணில். ஆறாத அப்புண் புற்றுநோய் என்று பின்னர் தெரிய வருகிறது. ரவியின் முடிவு எதில் நேர்கிறது? மழையில் கூமன்காவில் நிற்கும்போது மண்கட்டிகளிடையிலிருந்து வெளிப்படும் ஒரு சிறு பாம்பு அவன் காலில் பல் பதிப்பதில். கல்லாத முதியவரும் கற்ற இளைஞனும் ஒரே வழியில் அழைத்துக்கொள்ளப்படுகின்றனர். ஆசிரியர் இதைத் திட்டமிட்டாரோ இல்லையோ நாமறியோம்; நூலில் இருப்பதை எடுத்துக்காட்டுதல் திறனாய்வோர் கடன்.

மொல்லாக்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நூலின் மிகச் சிறந்த படைப்பு அவரே என்று நாம் கருதுகிறோம். ரவியின் பள்ளியை அவர் எதிர்க்கிறார். பிள்ளைகள் அங்குப் போனால் ஓத்துப்பள்ளி பாழாகும் என்னும் அச்சம் ஒருபுறம், வயிற்றுப்பாடு மறுபுறம். அவர் எடுத்து வளர்த்த நைஜாம் அலி, பின்னாளில் ஷேக்கின் காலியாராகத் தன்னை அறிவித்துக்கொண்டு அவருக்கே எதிர் நிற்கிறான். பீடித் தொழில், தொழிலாளர் போராட்டம், சிறை என்று சுற்றிவிட்டுத் திரும்பியவன் அவன். மொல்லாக்காவின் மகள் மைமுனா அவன்பால் மனம் வைத்திருந்தவள். அவளை மூத்த வயதினனான முங்காங்கோழிக்கு மொல்லாக்கா கட்டிக்கொடுத்துவிட்டார். அப்பிழையை அவர் அறிவார். ஆனால் அதைப் பற்றி ரவியைப் போல் அழகழகாய் எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. கடைசியில், தாம் எதிர்த்த அதே பள்ளியில் பெருக்கும் வேலைக்குச் சேர்கிறார். அவ்வேலையை ஏற்படுத்தித் தருபவன் ரவி. துடைப்பத்தோடு அம்முதியவர் பள்ளிக்குள் நுழையும் காட்சியில் ஒரு சொல் மிகையில்லை. தோற்றவரை வென்றவன் ஆதரித்தான் என்று எளிதில் எழுதிவிடக்கூடிய இடம் அது. யார் தோற்றார், யார் வென்றார் என்று நம்மால் பிரித்தறிய முடியாதபடி விஜயன் எழுதியிருக்கிறார்.

தன்னோக்கு என்பது கற்றவனின் தனியுடைமை என்று எண்ணுவோர்க்கு மறுமொழியாக நிற்பவன் முங்காங்கோழி. கிணற்றில் விழுந்த பொருள்களை மூழ்கி எடுத்துத் தருவது அவன் கைவந்த கலை. இளைய மனைவி தன்னவள் அல்லள் என்று உணர்ந்த அவன், ஒருநாள் கிணற்றுள் இறங்குகிறான். அடியில் மேலும் ஒரு கிணறு, அதன் அடியில் மேலும் ஒன்று எனப் போய்க்கொண்டே இருப்பதாக அப்பகுதி எழுதப்பட்டுள்ளது. தற்கொலை என்னும் சொல்லை ஆசிரியர் அங்கே பயன்படுத்தியிருந்தால் அப்பகுதி செத்திருக்கும். குப்புவச்சனும் அவ்வாறே. மதுவிலக்கு வந்தபின் தொழிலிழந்த பனையேறி அவன். அத்தாணியில், அதாவது நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லில், நாள் முழுதும் அமர்ந்து ஊர்வம்பு பேசுகிறான். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில் மதுவிலக்கு அங்கும் செயற்பட்டது. பனைமரங்கள் வானளாவி நிற்க, ஏறுவோன் கீழே அமர்ந்திருக்கும் காட்சி அக்காலத்து மெய்க்காட்சி. வம்பு பேசும் அந்த வாயைக்கொண்டே அவன் துயரத்தை ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

இனி, நூலில் நம்மை மிகவும் உலுக்கிய பகுதிக்கு வருவோம். சாந்தும்மா என்னும் இளம் விதவை இக்கதையில் சில பக்கங்களே வருகிறாள். ஊரில் தெய்வம் உறையும் புளியமரம் ஒன்று உண்டு. மனைவி கற்புடையளாயின் ஏறுபவனுக்கு அம்மரத்தில் இடர் நேராது என்பது ஊரார் நம்பிக்கை. சாந்தும்மாவின் கணவன் ஏறினான், விழுந்து இறந்தான். அவ்வளவுதான், வேறு சான்று எவருக்கும் தேவைப்படவில்லை. ஊர் அவளை விலக்கியது. பனையைப் பற்றியும் அவ்வாறே ஒரு கதை வழங்குகிறது. பண்டு பனைகள் பனையேறிக்குத் தாமே வளைந்து கொடுத்தனவாம். அவன் பெண்டின் நெறி பிறழ்ந்த பின் வளைவதை நிறுத்திவிட்டனவாம். கற்பினால் மழை பெய்விக்கும் பெண்களைப் போற்றி வளர்ந்த நமக்கு இக்கதைகளின் மறுபக்கத்தைக் காணப் பழக்கமில்லை. பனை வளையாமைக்கும் ஆண் விழுந்தமைக்கும் கணக்கு எழுதப்படுவது பெண் பேரில்.

இதே ஊருக்குத்தான் ரவி வருகிறான். அவன் செய்த பிழை மெய்யான பிழை. சாந்தும்மா செய்ததாகச் சொல்லப்படுவது கற்பிதம். மெய்யாகத் தவறியவனை ஊர் ‘மாஷ்’ என்று வணங்குகிறது. தவறாதவளை முற்றத்தில் ஏற்றுவதில்லை. தன் பாவத்தைச் சுமந்து திரிவதாக அவன் எண்ணிக்கொள்ளும் ஒவ்வொரு பக்கத்தின் அருகிலும் இவளது சுமையை வைத்துப் படித்தால் நூல் வேறு பொருள் தருகிறது. பெரியம்மை ஊரில் பரவும்போது சாந்தும்மாவின் குஞ்ஞுநூறுவும் சந்துமுத்துவும் இறந்துபோகின்றனர். அம்மை வார்த்த உடம்பைப் பூத்த மலராகக் காட்டும் அப்பகுதியின் உரைநடை மலையாள மொழியின் சாதனைகளுள் ஒன்று, அதை மறுப்பாரில்லை. எனினும் அப்பகுதியின் கனம் அதன் அணிநயத்தில் இல்லை. தன் துயரத்திற்கு எந்தத் தத்துவமும் எஞ்சாத ஒருத்தி அங்கே நிற்கிறாள். தத்துவம் நிரம்பிய ஒருவன் அம்மை கண்டு கிடந்தும் பிழைத்தெழுகிறான். கதையில் இதற்கு ஒரு விளக்கமும் தரப்படவில்லை. தரப்படாமையே பொருத்தம்.

இவ்வளவு சொன்ன நாம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சாந்தும்மாவுக்குக் கிடைத்த நீதி மைமுனாவுக்குக் கிடைக்கவில்லை. ஊரின் அழகியாக, நரம்போடும் வெண்கரங்களோடு, வளையல்களோடு அவள் நூலெங்கும் நடக்கிறாள். ஆடவர் பலர் அவளைப் பார்க்கின்றனர். ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார். தந்தையால் விருப்பமின்றிக் கொடுக்கப்பட்டவள் அவள். அவளுக்குள் என்ன நிகழ்ந்தது? மொல்லாக்காவின் உள்ளத்திலும் முங்காங்கோழியின் கிணற்றிலும் அத்துணை ஆழம் இறங்கிய எழுதுகோல், இவளிடத்தில் தோலோடு நின்றுவிட்டது. ரவியின் சிற்றன்னையும் அவ்வாறே. அவள் ஒரு பாவத்தின் பெயராக இருக்கிறாளேயன்றிப் பெண்ணாக இல்லை. ‘எல்லாம் ரவியின் கண்வழிக் காணப்படுவதால் அப்படி’ என்று சிலர் அமைதி கூறுவர். அவ்வமைதி ஓரளவே செல்லும். முங்காங்கோழி கிணற்றுள் இறங்கும்போது ரவி உடன் இறங்கவில்லையே! அங்கே ரவியின் கண்ணைத் துறக்க முடிந்த ஆசிரியர்க்கு இங்கும் முடிந்திருக்கும். யமுனாவைப் படைத்த ஜானகிராமனைப் படித்தவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

இந்நூல் அந்நிய நாட்டுச் சரக்கு என்று ஒரு குற்றச்சாட்டும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் சிலரின் மனச்சோர்வை விஜயன் பனங்காட்டில் நட்டுவிட்டார் என்பர். விஜயன் பின்னாளில் ‘இதிகாசத்தின்டெ இதிகாசம்’ என்னும் நூலில் இப்புதினம் உருவான வரலாற்றை எழுதியிருக்கிறார். நகரத்து ஆசிரியன் ஒருவன் சிற்றூர் சென்று உழவர் புரட்சியைத் தூண்டும் கதையையே அவர் முதலில் எண்ணியிருந்தார். அந்நாளில் பொதுவுடைமைக் கொள்கையில் ஆழ்ந்த பற்றுடையவர் அவர். அங்கேரியில் 1956இல் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டு, 1958இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்ட செய்தி அவர் நம்பிக்கையை உடைத்தது. எண்ணியிருந்த கதையும் உடன் உடைந்தது. எனவே ரவியின் ஓட்டத்திற்குள் ஆசிரியரின் ஓர் இழப்பும் இருக்கிறது. ஊரைத் திருத்த வந்தவனாக எழுதப்படவிருந்தவன், ஊரிடம் ஒன்றும் சொல்லத் தெரியாதவனாக வந்து இறங்குகிறான். இதனைக் கடன் வாங்கிய சோர்வு என்று சொல்லுவது பொருந்தாது. தந்தைக்குச் செய்யத் தவறிய கடனைச் சுமப்பவனை அறிய நாம் ஐரோப்பாவிற்குப் போக வேண்டுவதுமில்லை.

ரவி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையொன்றை மலையாள மாணவர் பலரும் அறிவர். இரண்டு உயிரணுக்கள் உலாவப் புறப்படுகின்றன. மூத்ததும் இளையதுமான அவற்றுள் ஒன்று பசும்பள்ளத்தாக்கில் தங்கிவிடுகிறது; மற்றொன்று மேலே நடக்கிறது. ஊழிகள் கழிகின்றன. செண்பக மரமாகிவிட்ட ஒன்றிடம், பூக்கொய்ய வரும் சிறுமியாகிவிட்ட மற்றொன்று வந்து நிற்கிறது. மறந்துவிட்டாயே என்கிறது மரம். பரிணாம அறிவியலை இத்துணை இரக்கத்தோடு எடுத்துரைத்த பகுதி இந்திய மொழிப் புதினங்களில் அரிது. ஆனால் கதை சொல்பவன் யார் என்பதை மறவாமல் இதனைப் படிக்க வேண்டும். உடன் வந்ததை விட்டு நடந்து போனதன் குற்றத்தை இவ்வளவு நுட்பமாகச் சொல்லத் தெரிந்தவன், அதே குற்றத்தை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறான். தான் சொல்லும் கதை தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்றே நாம் எண்ணுகிறோம். தெரிந்தும் மறுநாள் காலை அவன் வேறு ஏதும் செய்வதில்லை.

இறுதியில் பத்மா தேடி வருகிறாள். ஊரைவிட்டுப் போகலாம் என்று ஒப்புகிறான். கூமன்காவில் மழை; பாம்பு; பேருந்துக்காகக் காத்து மழையில் கிடக்கிறான். இம்முடிவைத் தண்டனை என்போர் உளர். விடுதலை என்போர் உளர். தற்கொலை என்றே துணிவோரும் உளர். தண்டனை என்றால் அதைக் கொடுப்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும்; நூலில் அத்தகையவர் எவருமில்லை. விடுதலை என்றால் அவன் கடன்கள் தீர்ந்திருத்தல் வேண்டும், ஒன்றும் தீரவில்லை. கோவலனைப் போல் இவனும் திரும்பிப் போக மனம்கொண்ட நாளிலேயே வீழ்கிறான். கோவலனுக்காக வழக்குரைக்க ஒரு கண்ணகி இருந்தாள். ரவிக்காக எந்த அரசனிடமும் எவரும் போகப்போவதில்லை. போவதற்கு நியாயமும் இல்லை.

தமிழ் வழக்கும் மலையாள வழக்கும் கலந்த பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்த நம் எல்லைப் பகுதியினர்க்கு இந்நூலில் ஒரு தனி உரிமை உண்டு. சிற்றூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு மலையாளத்தையும் பள்ளியில் கற்றோர் பல்லாயிரவர். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று பனையோலைகளில் எழுப்பும் ஓசை விஜயனின் உரைநடையில் இருக்கிறது. அதை எந்த மொழிபெயர்ப்பும் முழுதாகக் கொணரமுடியாது. விஜயனே 1994இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கம் மூலத்தினின்று பெரிதும் வேறுபட்டு, வேறொரு நூலாகவே அமைந்துவிட்டது என்பது மலையாளிகள் பலரின் மனக்குறை. தமிழாக்கத்திற்கு இவ்விடர்ப்பாடு குறைவு. சிவராமன் நாயர் பள்ளிக்காக விட்டுக்கொடுக்கும் ‘ஞாற்றுப்புரை’ நம் நாற்றுக்குரிய கொட்டகைதான் என்று சொல்லத் தமிழனுக்கு அகராதி வேண்டா. நாற்று விடும் இடத்தில் பிள்ளைகளை அமர்த்தியதன் நயமும் தானே விளங்கும். யூமா வாசுகியின் தமிழைப் பொதுவாகப் பாராட்டலாம். ஆயினும் மலையாள எழுத்தறிந்த நம் இளைஞர்கள் தமிழ் நூலைப் படித்து முடித்தபின், மொல்லாக்கா குதிரைக் கதை சொல்லும் பகுதியையேனும் மூலத்தில் வாய்விட்டுப் படிப்பாராக. அந்தக் கிழவரின் குரலில் பிள்ளைகள் கேள்வி கேட்கும் இடத்தையும், அவர் விடை சொல்லுமுன் சற்றே நிறுத்தும் இடத்தையும் அச்செழுத்திலேயே கேட்கலாம். கதை நிகழ்ந்த தஸ்ராக்கில் இன்று அந்த ஞாற்றுப்புரை விஜயனின் நினைவிடமாகப் போற்றப்படுகிறது. பாலக்காட்டு நகரிலிருந்து அது நெடுந்தொலைவும் அன்று.